மீனலோசனியை இறந்தகாலத்தில் எழுத மாட்டேன்

மகனே,

நீ அனுப்பிய மெசேஜைக் காலையில் படித்தேன். படித்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். பதில் ஒரே வார்த்தைதான்: முடியாது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ வக்கீல் மாதிரி பாயின்ட் பாயின்ட்டாகப் பேசுவாய். நான் குக்கர் விசிலில் ஒரு காதை வைத்துக்கொண்டு 'சரிப்பா, சரிப்பா' என்று சொல்லி வைத்துவிடுவேன். அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நீயும் நிம்மதியாக உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இந்த முறை அது நடக்கப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் கதை வெள்ளிக்கிழமைதோறும் வரும் அந்த ஆப்பிலேயே, இந்த வார அத்தியாயத்துக்குப் பதிலாக இந்தக் கடிதத்தைப் போடப்போகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை, பயப்படாதே. முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை வருவதற்குள் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது என்ன என்று போகப் போகச் சொல்கிறேன்.

நம் வீட்டு விவகாரம் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் நீ கேட்டதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி அந்தக் கதையை முடிச்சிடும்மா. பழைய சேப்டர் எல்லாத்தையும் இறந்தகாலத்துக்கு மாத்திடு. கடைசில சீரியல்ல காட்டின மாதிரியே லாரி ஆக்ஸிடென்ட்ல போயிட்டாள்னு எழுதி முற்றும் போட்டுடு. பொண்ணு வீட்டுச் சித்தி அதைப் படிக்கறாங்க. இந்தக் கேரக்டர் நிஜத்துல யாருன்னு கேக்கறாங்க." மெசேஜ் இவ்வளவுதான். கடைசியில் கும்பிடுகிற கை ஒன்று. பெற்றவளிடம் ஒரு பெண்ணைக் கொன்றுவிடச் சொல்லிவிட்டுக் கூடவே கும்பிடும் போடுகிற பிள்ளை நீ ஒருவன்தான் இருப்பாய்.

அந்த சீரியல் எட்டரை மணிக்கு வந்துகொண்டிருந்தது. மூன்று மருமகள்கள் உள்ள பெரிய வீடு. கடைசி மருமகள் மீனலோசனி. எல்லாருக்கும் அடங்கிப் போகிறவளும் இல்லை, எதிர்த்துக் கத்துகிறவளும் இல்லை. தனக்குச் சரி என்று பட்டதைச் செய்துவிட்டு, பேசாமல் போய்க் கீரை ஆய்கிறவள். அந்த நடிகைக்கும் சீரியல்காரர்களுக்கும் என்ன தகராறோ தெரியாது. ஒரு திங்கட்கிழமை மீனலோசனி ஸ்கூட்டியில் புறப்பட்டாள், லாரி வந்தது. செவ்வாய்க்கிழமை சுவரில் போட்டோ, போட்டோவுக்கு மாலை. புதன்கிழமை அந்த வீட்டில் அவள் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. மாமியார்க்காரி வழக்கம்போல மூத்த மருமகளுக்குக் கொடுக்கிற காபியில் எதையோ கலந்துகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. உன் அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "செத்தாத்தான் சீரியல் ஓடும், விடு" என்றார். நான் விடவில்லை.

போனில் தமிழ் தட்டத் தெரியும், கதைகள் போடுகிற ஆப்பும் இருந்தது. எழுத ஆரம்பித்துவிட்டேன். இதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் என நீதான் பின்னால் சொன்னாய். அடுத்தவர் பெற்றுப் போட்ட பாத்திரத்தை எடுத்து வந்து நாம் வளர்ப்பது. பெயர் தெரியாமலேயே அந்த வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். இப்போது நீ கேட்கிற மாதிரி முதலில் நானும் இறந்தகாலத்தில்தான் எழுதினேன். கதை என்றால் 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார்' என்றுதானே நமக்குப் பழக்கம். 'மீனலோசனி ஆஸ்பத்திரியில் கண் விழித்தாள். அவளுக்குப் பசித்தது. நர்ஸைக் கூப்பிட்டாள்.' தப்பாக எதுவும் இல்லை. ஆனால் படித்துப் பார்த்தால், மாலை போட்ட போட்டோவுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவள் வாழ்ந்து முடித்துவிட்டாள், முடிவு எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்ற தோரணை வந்துவிட்டது. நாலைந்து அத்தியாயம் எழுதிப் பார்த்தேன், எப்படித் திருப்பினாலும் கதை மறுபடி அந்த லாரிக்கே போய் நின்றது. ஒரு நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். 'மீனலோசனி கண் விழிக்கிறாள். அவளுக்குப் பசிக்கிறது' என்று மட்டும் எழுதினேன். அடுத்து என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஒருத்திக்குப் பசிக்கிறது என்று எழுதிவிட்டால் சும்மா இருக்க முடியுமா, அவளுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். இரண்டு இட்லியை வரவழைத்தேன். கதை நகர ஆரம்பித்தது.

நீ சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இறந்தகாலத்தில் எழுதுவது ரொம்ப சௌகரியம். 'மூன்று மாதம் ஓடியது' என்று ஒரு வரி போட்டால் மூன்று மாதச் சமையலும் முடிந்தது, துணியும் துவைத்தாயிற்று. நிகழ்காலத்தில் அந்த வசதி கிடையாது. அவள் பஸ்ஸுக்கு நின்றால் நாமும் கூட நிற்க வேண்டும். "அக்கா, மூச்சு முட்டுது, கொஞ்சம் நிதானமாப் போங்க" என்று ஒரு வாசகி எழுதினாள். அவள் சொன்னதை எடுத்துக்கொண்டேன். மீனலோசனி பழசை நினைக்கிற இடத்தில் மட்டும் இறந்தகாலத்துக்குப் போய்விட்டு, நினைப்பு கலைந்ததும் திரும்பி வரப் பழகிக்கொண்டேன். நீ என்ன சொன்னாய்? "சினிமா ஸ்கிரிப்ட் மாதிரி இருக்கும்மா, பெரிய ரைட்டர் யாரும் இப்படி எழுத மாட்டாங்க" என்றாய். பெரிய ரைட்டர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரியும். "நேத்து காந்தி மார்க்கெட் போறேன். தக்காளி பொறுக்கறேன். திரும்பிப் பாத்தா எங்க ஓர்ப்படி நிக்கறா. என்னைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போறா." நேற்று நடந்ததைத்தான் சொல்கிறாள். ஆனால் கண்ணெதிரே நடக்கிற மாதிரி சொல்கிறாள், ஏனென்றால் அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கோபமோ பாசமோ ஆறாமல் இருக்கிறவரை நம் ஊரில் யாரும் இறந்தகாலத்தில் பேசுவதில்லை. எனக்கும் ஆறவில்லை, அதனால் அப்படி எழுதுகிறேன். ஸ்கிரிப்ட் மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை, அந்தச் சித்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். எழுத எழுத, என் மீனலோசனி சீரியலில் வந்த மீனலோசனியாக இல்லாமல் போய்விட்டாள். இது எனக்கே தெரியாமல் நான் செய்த தப்பு. மோர் சாதத்துக்கு ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அச்சு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள். தலை வாரும்போது சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் பேசாமல் பீரோவை அடுக்கினாள். "சீரியல்ல அவ இப்படி இல்லையே, கேரக்டரை மாத்திட்டீங்களே" என்று வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் கேரக்டரை மாற்றவில்லை. மோர் சாதத்துக்கு வெல்லம் கடிக்கிறவள் யார் என்று உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். உன் அக்கா. அந்த சீரியலை இந்த வீட்டில் முதலில் பார்க்க ஆரம்பித்தவளும் அவள்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே அந்த மாமியாரைத் திட்டுவாள்.

படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் மகள் சாகவில்லை. வையம்பட்டியில் மோட்டார் ரிப்பேர் செய்து காயில் கட்டுகிற கடை வைத்திருக்கும் ஒரு நல்ல பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் வேறு சாதி. குற்றம் அவ்வளவுதான். விஷயம் தெரிந்த மறுநாள் காலையில் உன் அப்பா உன்னையும் கூட்டிக்கொண்டு அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனார். தலைமுழுகிவிட்டார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்கு, செத்தவளுக்குச் செய்வது போலக் காவிரியில் முங்கி எழுந்து, இனி எங்களுக்கு ஒரே பையன் என்று சொல்லிவிட்டார். அவர் திருவெறும்பூர் பேக்டரியில் எத்தனையோ பேருடைய தகராறைத் தீர்த்து வைத்தவர், தன் வீட்டுக்கு வந்ததும் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்துவிட்டார். நீ அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய். நடுங்கிக்கொண்டே நீயும் முங்கினாய். நான் மேல்படியில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இறங்கவில்லை. அப்பா கூப்பிட்டபோது, "எனக்குச் சளிங்க" என்றேன். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை 'மாட்டேன்'. அதைச் சொல்லாமல் சளி என்று சொன்னது இன்றைக்கும் எனக்கு எரிகிறது. ஆனால் என் தலை நனையவில்லை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்ததை நீயும்தான் பார்த்தாய். அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'இருந்தா' என்று பேச ஆரம்பித்தீர்கள். "அவ இருந்தப்ப வாங்கின மிக்ஸி." "அவளுக்குப் பிடிச்சிருந்த கலர்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அவளும் ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் யாருக்கோ சட்னி அரைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், நாம் மட்டும் அவளை முடித்துவிட்டோம். அவள் நம்பர் அப்போது என்னிடம் இல்லை. பழைய நம்பரை அவள் மாற்றிவிட்டாள், நியாயம்தானே. அந்த நாட்களில்தான் சீரியலில் மீனலோசனி செத்தாள். புதன்கிழமை அவள் பெயரை யாரும் சொல்லவில்லை என்றதும் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். வீட்டில் நடந்ததை டிவியிலும் காட்டினால் ஒரு மனுஷி எத்தனைதான் பொறுப்பாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் எழுதியிருப்பேன். ஒரு நாள், வெல்லம் வருகிற அத்தியாயத்துக்குக் கீழே புதிதாக ஒரு கமெண்ட். பெயருக்குப் பதில் ஒரு பூப்படம். "அச்சு வெல்லம் இப்ப சரியா கிடைக்கறதில்ல. உருண்டை வெல்லம்தான் கடிக்கறா. நல்லா இருக்கா." மூன்று வாக்கியம். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், 'அவளைப் பாக்க எந்த ஊர் பஸ் ஏறணும்?' என்று கேட்டேன். வையம்பட்டி என்று பதில் வந்தது. போய் நின்றபோது உன் அக்கா சொன்னாள்: "சீரியல்ல அவ செத்ததும் நானும் டிவியை நிறுத்திட்டேம்மா. அப்பறம் சும்மா தேடிப் பாத்தப்ப உன் கதை கிடைச்சுது. எழுதறது நீதான்னு ரெண்டாவது சேப்டர்லயே தெரிஞ்சுடுச்சு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுக்கு நீ சோறு போட்டுக்கிட்டேதான் இருந்தே. சரி, எனக்கும் போடுவேன்னு நெனச்சேன்." அந்தக் கதையை நான் உன் பேச்சைக் கேட்டு இப்போது முடித்து, லாரியில் அடிபட வைத்தால், என் மகள் அதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாள்? யோசித்துப் பார்.

அன்றிலிருந்து, "உறையூர் போயிட்டு வரேங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வையம்பட்டி பஸ் ஏறுகிறேன். பிறந்த வீடு உறையூரில் இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு உறையூர் பெயரைச் சொல்லிப் பொய் சொன்ன முதல் ஆள் நான் இல்லை. பங்குனித் திருவிழாவில் நம் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் உறையூருக்குப் போய் அங்கே நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டு வருகிறார். இங்கே தாயார் கதவைச் சாத்திக்கொள்கிறார். பெருமாள் எங்கும் போகவில்லை என்று சாதிக்கிறார், தாயார் பக்கத்திலிருந்து பூவும் வெண்ணெயும் வந்து அவர் மேலே விழுகின்றன, கடைசியில் ஆழ்வார் வந்து சமாதானம் செய்து வைக்கிறார். அவர் போய்விட்டுப் போகவில்லை என்றார், நான் போகாமலே போனேன் என்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறாய் அல்லவா, அங்கே யாராவது 'முன்னொரு காலத்தில் சண்டை நடந்தது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? "இன்னிக்குத் தாயாருக்குக் கோபம்" என்றுதான் சொல்கிறார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கதவு திறக்கிறவரை தவிப்பாக நிற்கிறார்கள். கட்சிகூடப் பிரிகிறார்கள். நான் உறையூர்க்காரி, நாச்சியார் பக்கம். உங்கள் ஃபேன் ஃபிக்‌ஷனை எல்லாம் இந்த ஊர் எப்போதோ பார்த்துவிட்டது.

"இது யார் கதைன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவார்" என்று நீ அடிக்கடி சொல்வாய். அப்பாவுக்கு என்ன தெரியும் என்று உனக்குத் தெரியாது. போன வருஷம் கதையில் மீனலோசனி கர்ப்பமாக இருந்தாள். உன் அக்காவும்தான். எனக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு வெள்ளிக்கிழமை எழுதவில்லை. மூன்றாவது வாரம் காபி குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "உன் கதையில அந்தப் பொண்ணுக்குப் பிரசவம் ஆயிடுச்சா?" என்றார். அவர் கதை படிக்கிறவர் இல்லை, பேப்பரில்கூட விலைவாசியும் மரண அறிவிப்பும்தான் பார்ப்பார். "ஆயிடுச்சுங்க, பொண்ணு" என்றேன். "சுகப்பிரசவமா?" "சுகப்பிரசவம்தான்." "சரி. எழுது" என்றார். எழுந்து போய் வாசல் குழாயில் வெகுநேரம் முகம் கழுவினார். உன் அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படிக்கிறார் மகனே. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு படிக்கிறார். நான் உறையூர் போகிறேன் என்றால், "பஸ்ஸுல ஜன்னல் ஓரமா உக்காரு, தூரம்ல" என்கிறார். உறையூர் என்ன தூரம்.

உன் பக்கத்தையும் நான் பார்க்காமல் இல்லை. உனக்கு முதலில் பேசின சம்பந்தம் அக்கா விஷயம் தெரிந்துதான் நின்றுபோயிற்று. காலேஜில் பையன்கள் உன்னைக் கேட்ட கேள்விகளை நீ வீட்டில் சொன்னதில்லை, சட்டைப் பொத்தான் அறுந்து வந்த நாளில் நானே தெரிந்துகொண்டேன். அடிபட்டவன் நீ. அந்தக் கோபம் உனக்கு அக்காமேல் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும், அதை நான் பிடுங்கப் போவதில்லை. ஆனால் கோபப்படுகிறவன் கோபத்தோடு அவளிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். அவள் இல்லவே இல்லை என்று சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தக் கூடாது. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் என்பதால் இதையும் சொல்கிறேன். உன் பெண்டாட்டியோடு சண்டை வரும், வராமல் இருக்காது. அப்போது 'நீ எப்பவுமே இப்படித்தான் இருந்தே' என்று ஆரம்பிக்காதே. அதைச் சொன்ன நிமிஷமே அவள் கதையை நீ எழுதி முடித்துவிட்டாய் என்று அர்த்தம். 'இப்ப எனக்கு இது வலிக்குது' என்று சொல். அவளும் பதில் சொல்ல இடம் இருக்கும்.

இனி அந்த வேலைக்கு வருகிறேன். போன வாரம் உன் மனைவியாக வரப்போகிற பெண்ணும் நானும் மலைக்கோட்டைக்குக் கீழே புடவை எடுக்கப் போனோம். முகூர்த்தப் புடவை எல்லாம் எடுத்து முடித்து, ஒரு கடை வாசலில் நின்று பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கேட்டாள்: "அத்தை, நாத்தனார் புடவை எடுக்கலையே? நாத்தனார் முடிச்சு யார் போடறாங்க?" தாலியில் முதல் முடிச்சு நீ போடுகிறாய், மற்ற இரண்டையும் உன் உடன்பிறந்தவள் போட வேண்டும், அது நம் வழக்கம். சித்தப்பா மகளைப் பின்னால் நிற்க வைத்துக்கொள்ளலாம் என்று நீயும் அப்பாவும் முடிவு செய்திருந்தது எனக்குத் தெரியும். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அது வரவில்லை. "உன் நாத்தனார் போடுவாம்மா. வையம்பட்டியில இருக்கா. கைக்குழந்தை இருக்கு" என்றேன். அந்தக் கூட்டத்தில், நடுத்தெருவில், அத்தனை வருஷம் கழித்துச் சத்தமாகச் சொன்னேன். அவள் என் கையிலிருந்த சோடாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு முன்னாடியே தெரியும் அத்தை. சித்தி விசாரிச்சுட்டாங்க. எங்க அப்பா அம்மாவுக்கும் சொல்லியாச்சு, அவங்க ஒண்ணும் சொல்லல. ஆனா நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க." இரண்டு பாட்டிலையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "அவர்தான் இன்னும் சொல்லல" என்றாள்.

புரிகிறதா? நீ யாரிடமிருந்து மறைப்பதற்காக என் கதையைக் கொல்லச் சொன்னாயோ, அவளுக்கு எல்லாம் தெரியும். அக்கா வேறு சாதியில் கட்டிக்கொண்டது அவளுக்குப் பெரிய விஷயமே இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவன் கூடப் பிறந்தவளை இல்லை என்கிறானே என்பதுதான் அவளுக்கு இப்போது விஷயம். உன் வாயால் கேட்பதற்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் என் கதையால் நிற்காது. நின்றால் உன் மௌனத்தால்தான் நிற்கும். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவளுக்குப் போன் செய். சுற்றி வளைக்காதே, 'எனக்கு ஒரு அக்கா இருக்கா' என்று ஆரம்பி. அப்புறம் மீதியெல்லாம் தானாக வரும். வெள்ளிக்கிழமைக்குள் செய்யவில்லை என்றாலும் கடிதம் ஆப்பில் வந்துவிடும், அதில் மாற்றமில்லை.

அன்றைக்கே அந்தப் பெண்ணும் நானும் திரும்பவும் கடைக்குள் போய் நாத்தனார் புடவை எடுத்தோம். மாம்பழ மஞ்சள். வீட்டுக்கு வந்து மற்றப் புடவைகளோடு கட்டிலில் விரித்து வைத்தேன். அப்பா வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இது யாருக்கு?" என்றார். "நாத்தனார் புடவைங்க" என்றேன். சண்டைக்குத் தயாராக இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் நின்றேன். அவர் அதைக் கையில் எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவளுக்கு மஞ்சள் எடுபடாது. அரக்கு கலர் எடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நேற்றுப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கதையை நான் முடிக்கப்போவதில்லை. சித்தி படிக்கட்டும், அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பட்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையும் குழந்தையும் உன் அக்காவும் ஸ்ரீரங்கத்துக்கு வருகிறார்கள், நம் வீட்டில்தான் தங்குகிறார்கள். யாருக்காவது மண்டபத்தில் அது பிடிக்கவில்லை என்றால் அவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம், பந்தியில் யாரையும் நான் தடுக்கப்போவதில்லை. நீ தாலியை எடுத்துக்கொண்டு குனி. முதல் முடிச்சை ஒழுங்காகப் போடு, அவசரப்படாதே, கை நடுங்கினால் நடுங்கட்டும். போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள். மீதி இரண்டு முடிச்சைப் பற்றிக் கவலைப்படாதே, பெண்ணுக்குப் பின்னால் உன் அக்கா நிற்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்றவள்